ஆறாம் படிக்கு ஒரு வார்த்தை

அனுஷியா என் வலது கையைப் பிடித்து மேலே தூக்கும்போதெல்லாம் நான் கெட்ட வார்த்தை பேசுவேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிற பெண் அவள். ஆனாலும் காதைப் பொத்திக்கொள்ள மாட்டாள். "இன்னும் ரெண்டு திட்டுங்க பெரியப்பா, கை இன்னும் கொஞ்சம் மேல போவும்" என்பாள். அடுப்படியிலிருந்து என் மனைவி கமலாம்பாள் சிரிப்பாள். சர்க்கரை வியாதியால் தோள் இறுகிப்போய், சட்டை மாட்ட முடியாமல் கிடந்தவன் நான். இப்போது நானே தலை வாரிக்கொள்கிறேன். வாருவதற்கு முடி இல்லை என்பது வேறு விஷயம்.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்கிற ஆசையில் இதை எழுதவில்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன். அனுமந்தையிலும் மரக்காணத்திலும் ஆளாளுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள். "லண்டன் போன பொண்ணு, அங்க சரிப்பட்டு வரலியாம், திரும்பி வந்துடுச்சாம்." டீக்கடையில் என் காதுபடவே சொன்னான் ஒருவன். அவள் சரிப்பட்டு வராமல் வரவில்லை ஐயா. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தார்கள். அறுத்தது யாரென்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு உப்பைத்தான் என் வயசெல்லாம் வாரிக் குவித்தேன்.

என் பெயர் பஞ்சநாதன். பிரம்மதேசத்து ராஜாங்கம் முதலாளியின் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தேன். அனுஷியாவின் அம்மா ஆனந்தம்மாள் என்னிடம் வேலை பார்த்தவள். முதலாளிக்கு ஒரே மகள், இலக்கியா. வேலைக்காரி மகளும் முதலாளி மகளும் ஒரே வயசு. பாண்டிச்சேரியில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், பிசியோதெரபி படித்தார்கள். அனுஷியாவுக்குப் பங்குச் சாமியார் உதவி வாங்கிக் கொடுத்தார். இலக்கியா அப்பாவின் காரில் போவாள். மரக்காணம் முனையில் நிறுத்தி அனுஷியாவையும் ஏற்றிக்கொள்வாள். ஏற்றிக்கொள்ளாமல் ஒரு நாளும் போனதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்று இருந்த சிநேகிதம் பொய்யில்லை, அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது.

எங்கள் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலைக்கு என்று சொல்லி வந்தாலும் சரி, உள்ளே வந்தபின் கையைத்தான் பார்ப்போம். ஆனந்தம்மாள் தலைச்சுமைக்கு வந்தவள். கூடையில் உப்பை ஏற்றிக் கரையில் கொட்டுவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. ஒரு நாள் ஆள் குறைந்தது. வாரு பலகையை, அதாவது நீளக் கழியின் முனையில் குறுக்கே பலகை அடித்திருக்குமே, அதைக் கையில் கொடுத்தேன். பாத்தியின் அடியில் பூத்திருக்கும் உப்பை, மேலே நிற்கும் தண்ணீர் சேறாகாமல் வரப்புக்கு இழுக்க வேண்டும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் தண்ணீர் கலங்கிவிடும், உப்பில் மண் ஏறிவிடும். "தண்ணி கலங்காம இழு!" என்று நான் கத்தாத நாள் கிடையாது. ஆனந்தம்மாளிடம் கத்த வேண்டிய அவசியமே வரவில்லை. அடுத்த பருவத்தில் வாருகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலை. கூலியும் அதற்கேற்ப. "நீ தலைச்சுமைக்கு வந்தவள்தானே" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

உள்ளே நுழைந்துவிட்டால் போதும், கையைப் பார்த்துத் தூக்கிவிடுவார்கள் என்று அந்தக் குடும்பம் நம்பியது. எங்கள் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான் நம்புவோம். கடலுக்கு அந்தப் பக்கமும் உலகம் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டதுதான் தப்பு.

படித்து முடித்ததும் அனுஷியா திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்கு அவள் பெயர் 'பிசியோ'. ஏழு வருஷம் கழித்தும் 'பிசியோ'தான். நேற்று வந்த பெண்ணும் பிசியோ, அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்த இவளும் பிசியோ. டாக்டருக்கு மனசு குளிர்ந்தால் சம்பளம் கொஞ்சம் ஏறும், குளிராவிட்டால் இல்லை. அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தாள். அந்த இடங்கள் அரச மரத்தில் பலாப்பழம் மாதிரி. கல்யாணப் பேச்சும் தள்ளிப்போனது. கூனிமேட்டிலிருந்து, கல்லூரியில் இவளுக்கு மேல் வகுப்பில் படித்த மெஹருன்னிசா வளைகுடாவுக்கு வேலைக்குப் போயிருந்தாள். விடுமுறைக்கு வந்தவளிடம் விசாரித்தபோது, "துட்டு நல்லா இருக்குது அனு. ஆனா காண்ட்ராக்ட்ல போட்டது போட்டதுதான், மேல ஏர்றதுன்னு ஒண்ணும் கெடையாது. ஒரே வேலைக்கு எந்த ஊரு பாஸ்போர்ட்டுன்னு பாத்துத் தர்றானுங்க" என்றாளாம்.

இலக்கியா அதற்குள் இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலைக்கெல்லாம் படி உண்டு. அவர்கள் 'பேண்ட்' என்கிறார்கள். புதிதாகப் படித்து வருகிற பிசியோவுக்கு ஐந்தாம் படி. அனுபவம் வந்தவர்களுக்கு ஆறு. குழுவை நடத்துகிறவர்களுக்கு ஏழு. ஒவ்வொரு படிக்குள்ளும் வருஷம் போகப் போகச் சம்பளம் தானாக ஏறும். நாட்டில் எந்த மூலையில் வேலை பார்த்தாலும் அதே படி, அதே கணக்கு. அனுஷியா இதை எனக்குச் சொன்னபோது, "அடேங்கப்பா, டாக்டர் மூஞ்சியப் பாக்கத் தேவையில்லையா?" என்றேன். அவளுக்கும் அதுதான் பிடித்திருந்தது. யாருடைய மூஞ்சியையும் பார்க்காமல் ஏறக்கூடிய ஒரு படிக்கட்டு.

ஐந்திலிருந்து ஆறுக்குப் போன அன்று இலக்கியா போன் செய்தாள். "நீயும் வந்துடுடி. எங்க ஆஸ்பத்திரிலயே உதவியாளர் வேலை காலியா இருக்குது. விசா குடுப்பாங்க. அது மூணாம் படிதான், ஆனா உள்ள வந்துட்டா நான் உன்ன மேல இழுத்துடுவேன். ஒன் ஏழு வருஷம் எங்கயும் போவாது."

பிசியோவாக வேலை செய்ய அங்கே தனியாகப் பதிவு வாங்க வேண்டும். இழுத்தடிக்கிற வேலை அது. பதிவு வாங்கிக்கொண்டு நேராக ஆறாம் படிக்கே எழுதிப் போட்டிருக்கலாம் என்று அனுஷியாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு அம்மாவைக் கேட்டாள். ஆனந்தம்மாள், "மொதல்ல உள்ள போயிடும்மா, கையப் பாத்தா தூக்கி விட்டுடுவாங்க" என்றாள். பாத்தி வரப்பில் நின்று பார்த்த உலகம் அவளுக்கு. வேறென்ன சொல்வாள்?

அனுஷியா போனாள். போன பிறகுதான் அந்தப் படிக்கட்டின் சூட்சுமம் புரிந்தது. ஒரு படிக்குள்ளே வருஷம் கூடக் கூடச் சம்பளம் ஏறும், சரி. ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு யாரும் யாரையும் தூக்கிவிட முடியாது. அந்தப் படியில் இடம் காலியாக வேண்டும், புதிதாக மனுப் போட வேண்டும், நேர்காணலில் தேற வேண்டும். கையைப் பார்த்துப் பலகையைக் கொடுக்கிற மேஸ்திரி அங்கே கிடையாது. இலக்கியாவுக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டாள். நம்பிக்கையான ஆள் ஒருத்தி கைக்கு அடியில் வேண்டும் அல்லவா?

பகலில் நோயாளிகளை நடக்க வைப்பது, நாற்காலி தள்ளுவது, படுக்கை விரிப்பது. சாயங்காலம் பதிவுக்கான படிப்பு. அங்கே பக்கவாதம் வந்து ஒரு பெரியவர் இருந்தாராம், முன்பு பேருந்து ஓட்டியவர். கை அசையும், ஆனால் வெட்டி வெட்டி அசையும். டீக் கோப்பையைத் தூக்கினால் பாதி மேலே கொட்டிவிடும். இலக்கியாவும் மற்றவர்களும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஒரு நாள் அனுஷியா ஒரு அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றினாள். சின்னக் குச்சியின் முனையில் துண்டுப் பலகையை ஒட்டி அவர் கையில் கொடுத்து, அடியோடு மெதுவாக இழுக்கச் சொன்னாள். தண்ணீர் கலங்கக் கூடாது, அவ்வளவுதான். கை எங்கே வெட்டுகிறது என்பதைத் தண்ணீரே காட்டிக்கொடுத்தது. பெரியவர் தண்ணீரைப் பார்த்தே கையை அடக்கக் கற்றுக்கொண்டார். கொஞ்ச நாளில் கோப்பை சிந்தாமல் வாய்க்குப் போனது.

"எங்கடி புடிச்ச இத?" என்று கேட்டாளாம் இலக்கியா. "உங்கப்பா உப்பளத்துலதான். எங்கம்மா இழுக்கறதப் பாத்து. பஞ்சநாதன் மேஸ்திரி கத்துவாரே, ஞாபகம் இல்ல?" இருவரும் சிரித்திருக்கிறார்கள். வார்டில் அதற்கு 'ஸ்டில் வாட்டர்' என்று பெயர் வைத்தார்கள். மற்ற வார்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துப் போனார்கள். கூட்டங்களில் அதைப் பற்றி இலக்கியா பேசினாள். உதவியாளர்கள் பேசுகிற வழக்கம் அங்கே இல்லை என்றாள். நமக்காகத்தான் பேசுகிறாள் என்று அனுஷியா நினைத்தாள். இலக்கியாவுக்கு ஏழாம் படி கிடைத்த அன்று கேக் வாங்கிக்கொண்டு போனதும் இவள்தான்.

அதற்குப் பிறகு அனுஷியாவுக்குப் பதிவு வந்தது. ஆறாம் படிக்கு எழுதிப் போடலாம் என்று தோழியிடம் யோசனை கேட்டாள். "இங்கேருந்து போட்டா உன்ன உதவியாளராத்தான் பாப்பாங்க அனு. ஊருக்குப் போயிடு. அங்கேருந்து புதுசா போடு. அப்பத்தான் திண்டிவனத்துல பாத்த ஏழு வருஷம் கண்ணுல படும்" என்றாள் இலக்கியா. அதையும் நம்பி இந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆற்றைக் கடக்கிற வரையில் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. இந்தப் பழமொழியைச் சொன்னவன் எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

வந்ததும் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தாள். அப்படித்தான் என் தோளுக்கு விமோசனம் பிறந்தது. கூடவே அங்கே வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் ஆறாம் படிக்கு எழுதிப் போட்டாள். அழைப்பு வந்தது. கம்ப்யூட்டரில் முகம் பார்த்து நேர்காணல். அனுமந்தையில் அவள் வீட்டில் நெட் நிற்காது. என் மகன் பாலகுரு சென்னையிலிருந்து தினம் எங்களைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் நல்ல லைன் போட்டுக் கொடுத்திருந்தான். எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள். கமலாம்பாளின் பெரிய தாம்பாளம், அதில் தண்ணீர், ஒரு குச்சிப் பலகை. நானும் கமலாம்பாளும் பக்கத்து அறையில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு லாரிக்காரனிடம் பேசுகிற அளவுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். அவள் பேச்சு ஆற்று நீர் மாதிரி போய்க்கொண்டிருந்தது. நடுவில் 'பஞ்சநாதன்' என்று என் பெயர் வந்தது. மறுபடியும் வந்தது. கமலாம்பாள் என் தொடையைக் கிள்ளினாள். பிறகு கம்ப்யூட்டரில் நேர்காணல் எடுத்த அம்மா ஏதோ சிரித்துக்கொண்டே சொன்னாள். அதில் 'இலக்கியா' என்று கேட்டது. அனுஷியாவின் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

முடிந்ததும் போய்ப் பார்த்தேன். தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"தட்ட வெச்சி எல்லாம் செஞ்சி காட்டினேன் பெரியப்பா. உங்க பேரையும் சொன்னேன், எங்கம்மா பேரையும் சொன்னேன். அந்தம்மா சொல்றாங்க, 'ஓ, இது இலக்கியா கண்டுபிடிச்ச முறையாச்சே, நீங்க அவங்ககிட்ட வேலை பாத்தவங்களா, நல்லா கத்துக்கிட்டு இருக்கீங்க'ன்னு. அத வெச்சித்தான் அவ ஏழாம் படிக்கே போயிருக்கா. அந்த ஊரு பூரா அவ பேர்ல இருக்குது."

"நீ சும்மாவா இருந்த?"

"சொன்னேன். இது என்னுது, இலக்கியாவையே கேளுங்கன்னு சொன்னேன். கேக்கறோம்னு சொன்னாங்க. ஆறாம் படின்னா சொந்தமா யோசிச்சி செய்யற ஆளு வேணுமாம். அவ ஆமான்னு சொன்னா எனக்கு ஆறாம் படி. இல்லன்னா காலேஜ் முடிச்சி வர்ற பசங்களோட அஞ்சாம் படில நிக்கணும், அடியிலேர்ந்து."

ஆக, அந்தப் பெண்ணின் பத்து வருஷப் பாடும் ஒருத்தியின் வாயில் வரப்போகிற ஒரே ஒரு வார்த்தையில் வந்து நின்றது. யார் மூஞ்சியையும் பார்க்காமல் ஏறலாம் என்று போன படிக்கட்டு, கடைசியில் முதலாளி மகள் மூஞ்சியில்தான் வந்து முட்டியது.

அந்தச் சமயம் இலக்கியா பிரம்மதேசத்தில்தான் இருந்தாள். ராஜாங்கம் முதலாளிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருந்தது. விடுப்பில் ஓடி வந்திருந்தாள். நானும் முதலாளியைப் பார்க்கப் போக வேண்டியவன்தான். அனுஷியாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழி நெடுக அவள் வாய் திறக்கவில்லை. நான்தான் அவளுக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் கேட்டது. "மெதுவா... தண்ணி கலங்காம இழுப்பா. அவசரப்படாத. தண்ணி கலங்காம..."

இலக்கியாவின் குரல். உள்ளே முதலாளியின் முன்னால் தாம்பாளம், தண்ணீர், குச்சிப் பலகை. அனுஷியா எப்படி என் முழங்கையைத் தாங்குவாளோ அப்படியே அப்பாவின் முழங்கையைத் தாங்கியிருந்தாள். அதே அழுத்தம், அதே பொறுமை. ஒரு இம்மி குறை சொல்ல முடியாது. குறை இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துக்கொண்டிருந்தாள், என் தொண்டை கிழிந்த வார்த்தை உட்பட.

"இந்த வார்த்தைய யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டுவிட்டேன்.

முதலாளி என்னைப் பார்த்துக் கோணிய வாயால் சிரித்தார். "பஞ்சநாதா... என் பொண்ணு... கண்டுபிடிச்ச வைத்தியம்டா." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தப் பெருமையின் முன்னால் நான் வாயை மூடிக்கொண்டேன். நோயாளி மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல?

இலக்கியா எங்களைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனாள். அனுஷியா சுற்றி வளைக்கவில்லை.

"ஏன்டி அப்படிச் செஞ்ச?"

"அங்க உதவியாளர் பேர்ல எதையும் மேல எடுத்துட்டுப் போவ முடியாது அனு. யாராவது மேல இருக்கறவங்க பேர்ல போனாத்தான் போவும்."

"போவட்டும். போன பொறவு என் பேரச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

இலக்கியா பக்கத்துச் செடியில் ஒரு இலையைக் கிள்ளினாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். ஏழாம் படி இன்டர்வியூல, இது யாரு யோசனைன்னு கேட்டாங்க. என்னுதுன்னு வாயில வந்துடுச்சி. அதுக்கப்புறம் எப்படிடி மாத்திச் சொல்றது?"

"இப்ப மாத்து. உன்னக் கேக்கப் போறாங்க. ஒரு வார்த்த சொன்னா போதும். எனக்கு ஒன் ஏழாம் படி வேணாம். என் ஆறு மட்டும் குடு."

இலக்கியா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "சொல்றேன். கேட்டா உண்மையச் சொல்லிடறேன். எங்கப்பா மேல சத்தியம். நான் அடுத்த வாரம் கெளம்பறேன். அப்பாவ மட்டும் பாத்துக்கோடி. உன்னத் தவிர வேற யாரையும் நம்பி விட மாட்டேன்."

அனுஷியா தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்பிக்கை என்பது பெரிய இடத்துக்காரர்கள் நம்மேல் வைப்பது. நாம் அவர்கள்மேல் வைத்தால் அதற்குப் பெயர் வேறு.

ஸ்கூட்டியில் திரும்பும்போது, "அப்பா மேல சத்தியம் பண்ணியிருக்கா பெரியப்பா. மீற மாட்டா" என்றாள். அவள் குரலில் பழைய காரும் மரக்காணம் முனையும் இருந்தன. நான் திட்டுவதை நிறுத்தினேன். ஒரு வேளை எனக்கும் நம்ப வேண்டும்போல இருந்ததோ என்னவோ.

இலக்கியா விமானம் ஏறினாள். அனுஷியா தவறாமல் பிரம்மதேசம் போனாள். முதலாளிக்கு விரல் மடங்கியது, பிறகு பலகையைப் பிடித்தார், பிறகு தானே இழுத்தார். அவர் மனைவி சுலோசனா அம்மா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து, "எங்க பொண்ணு இருந்தாக்கூட இப்பிடிப் பாத்திருக்க மாட்டா" என்றாராம். ஒவ்வொரு நாளும் என் வீட்டுக்கு வந்ததும் அனுஷியா முதலில் போனைத்தான் பார்ப்பாள்.

ஒரு மத்தியானம் என் கையைத் தூக்கிப் பிடித்திருந்தபோது போன் வந்தது. அந்த நேர்காணல் அம்மாதான். நல்ல மனுஷி போலிருக்கிறது, நிதானமாகப் பேசினாள். அனுஷியா "யெஸ்... யெஸ்... தேங்க்யூ" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு மறுபடி என் கையைப் பிடித்தாள்.

"அஞ்சாம் படி தர்றாங்களாம்" என்றாள்.

"அந்தப் பொண்ணக் கேக்கலியா?"

"கேட்டாங்களாம். ரொம்பப் புகழ்ந்து சொன்னாளாம். 'நான் சொல்லிக் குடுத்தத அப்படியே அச்சு மாறாம செய்யற உதவியாளர், இந்த மாதிரி ஒருத்தி கெடைக்கவே மாட்டா'ன்னு."

அன்றைக்கு என் தோள் வலித்தது. நான் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அவளும் கேலி பண்ணவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஊரெல்லாம் சொல்வார்கள். உப்பையே வாரிக் கொடுத்த கையை யார் நினைத்தார்கள்? கமலாம்பாள் அடுப்படியில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"நாளைலேர்ந்து அந்த ஊட்டுப் பக்கம் போவாத" என்றேன்.

"அவரு இன்னா பெரியப்பா பண்ணாரு? அவரு கை பாதில நிக்குது."

"அப்படின்னா நானும் வர்றேன்." எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவளைத் தனியாக அந்த வாசல்படி ஏறவிட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் போனோம். முதலாளி நாற்காலியில் குளித்துத் திருநீறு பூசி, சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். "பாப்பா வீடியோல வர்றேன்னு சொல்லிச்சி. அவங்கப்பா கை அசைக்கறதப் பாக்கணுமாம்" என்றார் சுலோசனா அம்மா. போன் அடித்தது. அந்த அம்மாவுக்குப் போனைச் சாய்த்துப் பிடிக்கத் தெரியவில்லை. அனுஷியாவே வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் இலக்கியா. பின்னால் ஒரு பெரிய அறை, கையில் கோப்பையோடு ஏழெட்டு வெள்ளைக்காரர்கள். காலை நேரம் போலிருக்கிறது அங்கே.

"அனு, தேங்க்ஸ்டி. போனக் கொஞ்சம் கீழ எறக்கேன். தாம்பாளம் தெரியணும், அப்பா மூஞ்சியும் தெரியணும். என் டீம் பூரா பாக்கறாங்க" என்றாள். அவள் கண் ஒரு தடவைகூட அனுஷியாவின் கண்ணுக்கு நேரே வரவில்லை.

அனுஷியா போனைக் கீழே இறக்கினாள். தாம்பாளம் தெரிந்தது. முதலாளியின் முகம் தெரிந்தது. போனைப் பிடித்திருந்தவள் மட்டும் அதில் தெரியவில்லை.

முதலாளி பலகையைப் பிடித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, விளிம்பிலிருந்து விளிம்பு வரை, மெதுவாக இழுத்தார். தண்ணீர் அசையவே இல்லை. ஓட்டு இடைவெளி வழியே விழுந்த வெயில் வட்டம்கூட அதன் மேல் அப்படியே நின்றது. ஆனந்தம்மாள் இழுத்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் எல்லோரும் கைதட்டினார்கள். இலக்கியா அவர்களிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னாள். எனக்கே புரிந்தது. மை ஃபாதர். மை மெத்தட்.

அனுஷியா போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"குட் மார்னிங்" என்றாள். நேர்காணலில் பேசிய அதே தெளிவான குரல். "மை நேம் இஸ் அனுஷியா. ஐ ஆம் ஹிஸ் பிசியோதெரபிஸ்ட்."

கைதட்டல் நின்றது. ஒரு நரைத்த தலை, யார் இது என்பதுபோல் திரைக்கு அருகே குனிந்து வந்தது. இலக்கியாவின் கண் அப்போதுதான் நேராக இவளைப் பார்த்தது. அனுஷியா அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். திரை கறுத்துவிட்டது.

முதலாளி கழுத்தை நீட்டிப் போனை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா... லைன் போயிடுச்சா?" என்றார் முதலாளி.

"போயிடுச்சிங்க ஐயா."

"என் பொண்ணு... பாத்துச்சா?"

"பாத்துச்சிங்க."

அவர் குழந்தை மாதிரி சிரித்தார். அனுஷியா போனைச் சுலோசனா அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் எதிரே உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ இழுக்கலாம் ஐயா" என்று பலகையைத் தூக்கி மறுபடி விளிம்பில் வைத்தாள். தாம்பாளம் முழுக்க அலை ஓடியது.

"ஏம்மா" என்றார் முதலாளி, "உன் கையில தண்ணி கலங்குதே."